காலையில் மட்டும் உதைக்கிற வண்டி

அந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. வாங்கினதும் அதுக்காகத்தான், விற்க மனசு வராமல் கிடந்ததும் அதுக்காகத்தான்.

என் மகள் வனிதாவுக்கு இடது முழங்கால் மடங்காது. பொள்ளாச்சி ரோட்டில் பஸ் கவிழ்ந்தபோது எலும்பு நொறுங்கி, கோயமுத்தூரில் தகடு வைத்து அனுப்பினார்கள். நிற்பாள், நடப்பாள், முரண்டு பிடிக்கிற மாட்டைக்கூட இழுத்துக் கட்டுவாள். கிளட்சை மிதிக்க மட்டும் அந்தக் கால் வராது. வேலை அவளுக்கு மீனாட்சிபுரத்தில், பால் சொசைட்டியில். ஊர்க்காரர்கள் கொண்டு வருகிற பாலைச் சோதித்து அளந்து எடுக்கிற வேலை. விடியும்போது போய்க் கதவைத் திறந்தாக வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அதனால் நான்தான் மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். காலை நீட்டியபடிதான் உட்காருவாள். எதிரே லாரி வந்தால் அந்தக் காலுக்குப் பயந்து நான் வண்டியை வாய்க்கால் ஓரம் இறக்கிவிடுவேன். வேலை முடிந்தால் நான் வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் ஏன் லேட்டு என்று கேட்டதில்லை. அது எனக்கு இன்னும் சங்கடம்.

எங்கள் பக்கத்துச் சாணி எரு லாரியில் ஏறி இடுக்கி மலைக்கு ஏலத் தோட்டங்களுக்குப் போகும். அப்படி ஒரு தரம் எரு லாரியோடு சக்குபள்ளம் போனபோதுதான் இந்தக் காரைப் பார்த்தேன். தோட்டத்து முதலாளி தவறிப்போய், பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. வண்டி ஷெட்டில் துணி போர்த்திக் கிடந்தது. கப்பலில் வந்த ஜெர்மன்காரன் டீசல் வண்டி. வயசு கேட்டால் வனிதா வயசு. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும், வலது கால் ஒன்று போதும் என்று அங்கே டிரைவராக இருந்த பாண்டித்துரை சொன்னான். நான் நம்பவில்லை. அவனையே மலையில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கால் சும்மாதான் இருந்தது. வாங்கிவிட்டேன்.

வனிதா ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, தனியாகப் போய்த் தனியாக வந்தாள். போகிற வண்டிதானே என்று எங்கள் பாலையும் ரெண்டு கேனில் ஊற்றி டிக்கியில் ஏற்றிவிட்டோம். என் பெண்டாட்டி கமலாத்தாள் கேனுக்கு அடியில் சாக்கை விரித்து வைப்பாள். முதல் கொஞ்ச மாசம் ஒரு தொந்தரவும் இல்லை. தீபாவளி கழிந்த பிறகுதான் வண்டி உதைக்க ஆரம்பித்தது.

உதை என்றால் என்ன உதை. முதல் கியரிலேயே இழுத்துக்கொண்டு கத்தும். அடுத்ததற்கு மாறும்போது பின்னாலிருந்து கடப்பாரையால் இடித்த மாதிரி ஒரு இடி. மூணாவதுக்கு இன்னொரு இடி. வேடிக்கை என்னவென்றால் இதெல்லாம் காலையில் போகும்போது மட்டும். வேலை முடிந்து ஒன்பது மணி வாக்கில் திரும்பி வரும்போது கியர் மாறுகிறதே தெரியாது, அவ்வளவு நைசாக வரும்.

ஒரு நாள் மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் வண்டி உதைத்துத் துள்ளியதில் எதிரே வந்த தேங்காய் லாரிக்காரன் பயந்து பிரேக் அடித்து, இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலம் கமலாத்தாள் அழுதாள். வண்டியை விற்றுவிடு என்றாள். பொள்ளாச்சியில் பொங்கியண்ணன் என்று ஒருத்தன், பழைய காரை வாங்கி உடைத்து உடைத்துச் சாமானாக விற்கிறவன். அவனுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை கட்டி இழுத்துப்போக வண்டியோடு வருவதாகச் சொன்னான்.

வனிதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குதுங்கப்பா. என்ன கோளாறுன்னு பாருங்க. ஆகலீன்னா வித்துக்குங்க. ஆனா மறுபடி மொபெட்டுல பின்னாடி ஏற மாட்டேன். வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுல இருந்துக்கறேன்."

சொன்னால் செய்கிறவள். அவள் அம்மாவும் அப்படித்தான்.

எனக்கு நாலாவது வரைக்கும்தான் படிப்பு. கார் ஓட்டவும் தெரியாது. ஆனால் யாராவது ஏமாற்றுகிறார்கள் என்றால் எனக்கு முதுகில் ஊறும். இதில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பட்டது. யார் என்றுதான் தெரியவில்லை.

முதலில் சந்தேகப்பட்டது மகளைத்தான். காலையில் அவசரம், தூக்கக் கலக்கம். அந்த நீட்டின கால் தெரியாமல் பிரேக்கில் படுகிறதோ என்னவோ. அதனால் திங்கட்கிழமை காலையில் சொசைட்டியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வாய்க்கால் பாலம் ஒன்று இருக்கிறது, திமில் மாதிரி ஏறி இறங்கும். அதைத் தாண்டினதும் உதை ஆரம்பித்தது. நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கால் கதவு ஓரமாக நீட்டினபடி அப்படியே இருந்தது. செருப்புகூட அசையவில்லை.

"சொசைட்டியில வேலையா, என் காலுல வேலைங்களா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

சொசைட்டி வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினாள். வண்டி உடனே நிற்காமல் கொஞ்சம் முனகிவிட்டுத்தான் நின்றது. கதவைப் பூட்டினாள். ஒரு கதவைப் பூட்டினால் நாலும் டிக்கியும் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பது அந்த வண்டியின் பெருமை. அன்றைக்குப் பின்கதவு ஒன்று பூட்டவில்லை. பழசு, அப்படித்தான் இருக்கும் என்று கையால் அமுக்கிவிட்டு வந்தேன். அதை அப்போது யோசிக்காமல் விட்டேன்.

அடுத்த சந்தேகம் பாண்டித்துரை மேல். கெட்ட வண்டியைத் துடைத்து என் தலையில் கட்டிவிட்டான் என்று போனில் நேராகவே கேட்டேன். அவன் சூடாகிவிட்டான்.

"யோவ் அண்ணே, அந்த வண்டிய நான் பிள்ள மாதிரி வச்சிருந்தேன். மொதலாளி செருப்பக் கழத்திட்டுத்தான் ஏறுவாரு. டிக்கில ஒரு ஏலக்கா மூடை ஏறுனதுண்டா? நல்ல வண்டியாக் குடுத்தேன். நீங்க அத என்ன பண்ணீகளோ."

இவன் பெருமையைக் கேட்கவா போன் போட்டேன் என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானமே வனிதாவைக் கூட்டிக்கொண்டு, எல்லை தாண்டிக் கேரளாப் பக்கத்துச் சித்தூரில் டின்சி ஒர்க் ஷாப்புக்குப் போனோம். டின்சி என்பது அங்கே இருக்கிற பெண், அவள்தான் மெக்கானிக். புருசன் பெயின்ட் வேலை பார்க்கிறான், எஞ்சின், கியரெல்லாம் அவள்தான். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். இப்போதைய வண்டிக்கெல்லாம் ஒரு பெட்டியைச் செருகினால் சீக்கு என்னவென்று எழுத்தாக வரும், இந்த வண்டியில் செருக ஓட்டையே கிடையாது, கண்ணும் காதும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள். எஞ்சினை ஓடவிட்டுக் கியர் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் தாளில் துடைத்தாள். ஆயில் சிவப்பாக இருந்தது. மோந்து பார்த்தாள், கருகின வாடை இல்லை. என்னிடமும் நீட்டினாள். நானும் மோந்து பார்த்தேன், எனக்கு மண்ணெண்ணெய் மாதிரிதான் இருந்தது.

அப்புறம் அவளே ஓட்டிப் பார்த்தாள். சனியன், அவள் ஓட்டும்போது ஒரு உதைகூட இல்லை.

இந்த வண்டியில் கியர்பெட்டிக்கு வழி சொல்வது காற்று உறிஞ்சிதான் என்று விளக்கினாள். எஞ்சினில் ஒரு பம்பு உட்கார்ந்துகொண்டு காற்றை உறிஞ்சும். நாம் எவ்வளவு மிதிக்கிறோம் என்பது அந்த உறிஞ்சலின் வேகத்தில்தான் கியர்பெட்டிக்குத் தெரியும். உறிஞ்சல் குறைந்தால், மலையில் முழுசாக மிதித்து ஏறுகிறோம் என்று பெட்டி நினைத்துக்கொண்டு தாமதித்து ஓங்கி அடிக்கும். பிரேக்குக்கும் அதே பம்பு, எஞ்சினை நிறுத்துவதும் அதே, கதவுப் பூட்டும் அதே. அதனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு மீட்டரை மாட்டினாள். முள் ஏறி ஆடாமல் நின்றது. இதில் கோளாறு இல்லை, ஆயில் குளிர்ந்திருக்கும்போது உள்ளே ஏதோ ஒட்டிக்கொள்ளும் போல இருக்கிறது, பெட்டியை இறக்கித்தான் பார்க்க வேண்டும், அது பெரிய வேலை, சரியாகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள்.

அப்புறம் ஒன்று கேட்டாள். "அங்கிளே, காலையில போறப்பவும் திரும்பி வர்றப்பவும் என்ன வித்தியாசம்? எல்லாம் ஓர்த்துப் பறயணும், ஞாபகப்படுத்திச் சொல்லணும்."

"குளிரு," என்றேன். வேறென்ன இருக்கிறது?

திரும்பி வரும் வழியெல்லாம் டின்சி ஏமாற்றுகிறாள் என்றுதான் வனிதாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். பெட்டியை இறக்குகிறேன் என்றால் அதுதான் அர்த்தம். ஏமாற்ற நினைக்கிறவள் எதுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று சொல்வாள் என்று வனிதா திருப்பிக் கேட்டாள்.

புதன்கிழமை நடந்தது வேறு. எங்கள் கட்டுத்தரையில் வெள்ளச்சி என்று ஒரு மாடு. மடி கல்லு மாதிரி வீங்கியதில் டாக்டர் ஊசி போட்டிருந்தார். ஊசி போட்ட மாட்டுப் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது. தனியாகக் கறந்து கொட்டிவிட வேண்டும். கமலாத்தாள் ஞாபக மறதியாக அதையும் எடுத்துக் கேனில் ஊற்றிவிட்டாள். ரெண்டு கேனும் வீண். சோதிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் வீட்டிலிருந்தே அப்படிப் பால் போகலாமா? கேனைக் கட்டுத்தரையிலேயே விட்டுவிட்டு வனிதா வெறும் வண்டியில் போனாள். பனி அப்படி ஒரு பனி அன்றைக்கு, பனைமரம் பாதிக்கு மேல் தெரியவில்லை.

திரும்பி வந்தவள் இறங்கினதுமே சொன்னாள், "அப்பா, இன்னைக்குப் போறப்ப உதைக்கலீங்க."

நான் தீவனத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. இருக்கிறதிலேயே அதிகக் குளிர் அன்றைக்குத்தான். அப்படியானால் குளிர் இல்லை. குளிர் இல்லையென்றால் டின்சி சொன்னதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. பால் போகிற நாளில் உதைக்கிற வண்டி, பால் போகாத நாளில் உதைக்கவில்லை. இது என்ன கூத்து?

எனக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. கோபத்தில் இல்லை. இது என்னவென்று தெரிந்தே ஆக வேண்டும் என்று உள்ளே ஒன்று குடைந்தது.

பாரமாக இருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் வெயில் உச்சியில் இருக்கும்போது ரெண்டு தவிட்டு மூட்டையை டிக்கியில் போட்டு வனிதாவை ஓட்டச் சொன்னேன். பாலம் தாண்டினோம். ஒன்றுமில்லை. மூட்டைக்கு மேல் புண்ணாக்குச் சாக்கும் ஏற்றினேன். பின்சக்கரம் அமுங்கியது, உதை மட்டும் இல்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அந்த ரெண்டு கேனிலும் தண்ணீர் நிரப்பி வைத்தேன். கமலாத்தாள் வாசலில் நின்று எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலம் ஏறி இறங்கியது. அடுத்த கியருக்கு டமார் என்று ஒரு இடி.

"நிறுத்து அம்மிணி."

வனிதா ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள், அப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் இருமி இருமி நின்றது. மூட்டை வைத்து ஓட்டினபோது சாவியைத் திருப்பினதுமே கப்பென்று நின்றது எனக்கு நல்ல ஞாபகம்.

எஞ்சினை நிறுத்துவதும் அந்த உறிஞ்சல்தான் என்று டின்சி சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பூட்டாத பின்கதவும் ஞாபகம் வந்தது. உறிஞ்சல் என்றால் எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் கறக்கிறது மெஷின்தான். மடியில் மாட்டுகிற ரப்பரில் ஊசிமுனை வெடிப்பு விட்டாலும் உஸ்ஸென்று காற்று போகும், முள் இறங்கிவிடும், மெஷின் மடியைவிட்டுக் கழன்று சாணியில் விழும். இங்கேயும் எங்கேயோ உஸ்ஸென்று போகிறது. கேனுக்குப் பக்கத்தில் எங்கேயோ.

டிக்கியைத் திறந்து கேனைத் தூக்கி வெளியே வைத்து, டார்ச் அடித்துத் தேடினேன். மறுபடி எஞ்சினைப் போடச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. வெடிப்பு எதுவும் கண்ணுக்குப் படவில்லை. சாவியைத் திருப்பினாள், உடனே நின்றது. கேனை எடுத்தால் கோளாறு போய்விடுகிறது. கேன் இருந்தால் உள்ளே தலையை விட்டுப் பார்க்க இடமில்லை.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். ஒரு வழிதான் தோன்றியது. கமலாத்தாளிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை வெளுக்கிற நேரம் பால் கேன் ரெண்டையும் எப்போதும் வைக்கிற மாதிரியே வைத்தாள். நான் அதுக்குப் பின்னால் டிக்கிக்குள் ஏறிக் குறுகிப் படுத்துக்கொண்டேன். ஒல்லி உடம்பு, ஜெர்மன்காரன் டிக்கியும் பெரிசு. மூடியைப் பாதி திறந்தபடி கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். மெதுவாகப் போகச் சொன்னேன். வனிதா கயிற்றை முடிந்துவிட்டு, "இருமல் வந்தாத் தட்டுங்க, நிறுத்தறேன்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

பாலம் வரைக்கும் கேன் ஆடாமல் நின்றது. பாலத்தில் ஏறி இறங்கும்போது இடது பக்கத்துக் கேன் சாக்கோடு நகர்ந்தது. நகர்ந்து, டிக்கியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்புத் துணி மேல் சாய்ந்தது. சாய்ந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம். வண்டி உடனே டமார் என்றது, என் தலை மூடியில் இடித்தது.

வலியெல்லாம் தெரியவில்லை. துணியைப் பிடித்துக் கிழித்தேன். உள்ளே ஈர்க்குச்சி தடிமனில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் ஓரமாக ஓடியது. கேனின் விளிம்பு அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. விளிம்பு அமுக்குகிற இடத்தில் குழாய் வெடித்து மீன் வாய் மாதிரி திறந்திருந்தது. கேனைத் தோளால் கொஞ்சம் தள்ளினேன், வாய் மூடிக்கொண்டது. விட்டேன், திறந்தது. இதைத்தானே வெறும் டிக்கியில் எனக்குக் காட்டாமல் இருந்தாய்.

கட்டை விரலை அந்த வெடிப்பின் மேல் வைத்தேன். கன்றுக்குட்டி வாயில் விரல் வைத்தால் இழுக்குமே, அப்படி இழுத்தது. வைத்தபடியே இருந்தேன். கொஞ்ச தூரத்தில் வண்டி வேகம் குறைந்து மறுபடி எடுத்தது. கியர் மாறினதே தெரியவில்லை. விரலை எடுத்தேன். அடுத்த மாற்றத்துக்கு டமார். வைத்தேன், நைசாகப் போனது. எடுத்தேன், உதைத்தது. அந்த வண்டியின் கழுத்துக்கயிறு என் விரலுக்கு அடியில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு நாலைந்து தரம் அப்படியே எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன் என்று நினைக்கிறேன். சிரிப்பு வேறு வந்துவிட்டது.

வண்டி நின்றது. வனிதா இறங்கிப் பின்னால் வந்து மூடி இடுக்கில் குனிந்தாள்.

"என்னங்கப்பா பண்றீங்க? ஒதைக்குது, நிக்குது, மறுக்கா ஒதைக்குது. நீங்களா அது?"

"நான்தான். நீ பேசாம ஓட்டு."

சொசைட்டி வரைக்கும் விரலை எடுக்கவே இல்லை. கை மரத்துப்போனது. அங்கே போய் நின்றதும் உள்ளிருந்தே கத்தினேன், சாவியைத் திருப்பு என்று. கப்பென்று நின்றது. மறுபடி போட்டு, நான் விரலை எடுத்துக்கொண்டு திருப்பச் சொன்னேன். முனகிக்கொண்டே ஓடியது. அப்போதுதான் எனக்கு முழுசாக நம்பிக்கை வந்தது.

கயிற்றை அவிழ்த்து நான் காலை வெளியே விட்டபோது, பால் ஊற்ற வந்த பூமாரி தூக்குப் போசியோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி. வாய் சும்மா இருக்காது.

"ஏனுங் மாமா, உங்களையுஞ் சேத்து அளந்து ஊத்தறதுக்குக் கொண்டாந்துட்டாங்களா?"

"கொழுப்பு கம்மியா இருக்கும், வேண்டாம்னு திருப்பிருவா," என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வனிதாவும் சிரித்தாள், ஆனால் கண் வேறு மாதிரி இருந்தது. கேனை இறக்கப் பக்கத்தில் வந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப என் காலு இல்லீங்க."

"உன் காலுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"கண்ணுல சொன்னீங்க."

நான் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பால் எல்லாம் எடுத்து முடித்த பிறகு அவள் போனிலேயே டின்சியைக் கூப்பிட்டோம். குழாய் வெடித்த துண்டை நேராக வெட்டி எடுத்துவிட்டு, ரெண்டு முனையிலும் இறுக்கமான ரப்பர் குழாயைச் சொருகினால் இப்போதைக்கு நிற்கும், புதுக் குழாய் வரவழைத்துப் போட்டுத் தருகிறேன் என்றாள். பிரேக்கும் அதே உறிஞ்சலில் ஓடுகிறது, இன்னும் கொஞ்சம் வெடித்திருந்தால் பிரேக் கல்லாகியிருக்கும் என்றும் சொன்னாள். அப்புறம் விட்டாளா?

"டிக்கியில பால் கேன் வச்சிருந்ததை அன்னைக்குச் சொல்லலியே அங்கிளே?"

"நீ கேக்கலியே."

"என்ன வித்தியாசம்னு கேட்டேனே."

கேட்டாள்தான். பால் கேனெல்லாம் ஒரு வித்தியாசமா என்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் எங்கே போனாலும் கேன் கூடவே போகும். பாண்டித்துரை மூட்டையைப் பற்றிச் சொன்னபோதாவது தோன்றியிருக்கலாம்.

சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி, பிளேடால் குழாயை வெட்டி, எச்சில் தொட்டுச் சொருகினேன். காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. கறவை மெஷினின் மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, டின்சி மாட்டின இடத்தில் மாட்டிப் பார்த்தேன். முள் ஏறி நின்றது. கேனை வைத்து, சாய்த்து, ஆட்டியும் பார்த்தேன். இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொங்கியண்ணன் வந்துவிட்டான். வரவேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்பது ஒன்று. மனசுக்குள் இன்னும் சந்தேகம் இருந்தது என்பது ரெண்டாவது. இழுத்துப்போகிற வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கதவைத் தட்டிப் பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான். கெட்டுப்போன கியர்பெட்டிக்கு மதிப்பே கிடையாது, இரும்பு விலைதான் என்று ஆரம்பித்தான். ஓட்டிப் பார் என்றேன். கேன் ரெண்டையும் தண்ணீரோடு டிக்கியில் வைத்துத்தான் அனுப்பினேன். அவனுக்கு அது எதுக்கென்று புரியவில்லை.

பாலம் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

"ஒதைக்குதுன்னு சொன்னீங்களேண்ணா?"

"ஒதைக்கறப்பச் சொன்னது."

பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தான். அப்புறம், இதை உடைக்க மாட்டேன், அப்படியே ஓட்டுகிறதுக்கு ஆள் இருக்கிறது, நல்ல விலையே தருகிறேன் என்று இறங்கி வந்தான். கமலாத்தாள் என்னைப் பார்த்தாள். வனிதா குழாயடியில் கேன் கழுவிக்கொண்டிருந்தாள், இடது காலை நீட்டிப் போட்டபடி. தலையைத் தூக்கவில்லை. ஆனால் கேனைத் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

அந்த வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது விற்றுவிடுவதுதான் புத்தி என்று எனக்குத் தெரியும். பழைய வண்டி. நாளைக்கு இன்னொரு குழாய் வெடிக்கும்.

"மோர் குடிச்சுட்டுப் போ பொங்கியண்ணா," என்றேன். "வண்டி குடுக்கறதில்ல."

தேய்க்கிற சத்தம் மறுபடி கேட்டது.

இப்போது டிக்கியில் கேன் ஏறுவதில்லை. பாலை நான்தான் மொபெட்டில் கட்டிக்கொண்டு போகிறேன், அவள் காருக்குப் பின்னாலேயே. அவள் முன்னால் போவாள். பாலத்தில் வேகம் குறைத்து மறுபடி எடுப்பாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு கியருக்கும் கேட்டுக்கொண்டே போவேன். புதுக் குழாய் போட்டு மாசம் ஆகிவிட்டது. ஒரு உதையும் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் போகிறேன்.

நேற்று சொசைட்டி வாசலில் நிறுத்திவிட்டு முன்கதவைப் பூட்டினாள். நாலு கதவிலும் ஒரே நேரத்தில் டொப்பென்று குமிழ் இறங்கியது. நான் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பின்கதவை இழுத்துப் பார்த்தேன். அடுத்த கதவையும்.

"இன்னும் நம்பிக்கை வரலீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு நம்பணும்? இழுத்துப் பாத்தாத் தெரிஞ்சுபோகுது."

சாவியை விரலில் சுற்றிக்கொண்டு அவள் சொசைட்டியைத் திறக்கப் போனாள். நான் டிக்கியையும் இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.